டேக் மாட்டினால் தொற்று வந்த வழி தெரியுமா? – வாசகர் கேள்வி பதில்

மருத்துவமனையில் எல்லாருக்கும் டேக் என்ற சிறு கம்பியில்லா சென்சாரை மாட்டி, தொற்று வந்தவருக்குப் பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கண்டுபிடிக்கும் முறையைப் பற்றிப் போன இதழில் ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. அதற்கு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. எழுதியவர்களில் பாதிக்கு மேல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள், அல்லது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் போடவில்லை.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் எல்லாருக்கும் ஒரு டேக் தரப்போகிறார்களாம். உள்ளே ஜிபிஎஸ் இருக்கிறதா? வீட்டுக்குப் போனாலும் எங்களைக் கண்காணிக்குமா? – செவிலியர், சேலம்

ஜிபிஎஸ் இருக்காது. கான்கிரீட் கட்டிடத்துக்குள் செயற்கைக்கோள் சிக்னல் ஒழுங்காக வராது, வந்தாலும் நீங்கள் மூன்றாம் மாடியில் இருக்கிறீர்களா நான்காம் மாடியில் இருக்கிறீர்களா என்று அதை வைத்துச் சொல்வது கஷ்டம். வேறு வகைகள்தான் மருத்துவமனைகளில் புழக்கத்தில் இருக்கின்றன.

ஒன்று, டேக்கும் டேக்கும் பேசிக்கொள்ளும் வகை. ஒவ்வொரு டேக்கும் விடாமல் தன் எண்ணை மிகக் குறைந்த சக்தியில் ரேடியோ அலையாக அனுப்பிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இன்னொரு டேக் இருந்தால் அது காதில் விழும், "இத்தனை மணிக்கு இந்த எண்ணைக் கேட்டேன்" என்று குறித்துக்கொள்ளும். இத்தாலி, பிரான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் 2008 வாக்கில் தொடங்கிய சோசியோபேட்டர்ன்ஸ் என்ற கூட்டு முயற்சியின் டேக் இந்த வகைதான். அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், டேக் பேசும் அலைவரிசையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். அதனால் டேக்கை மார்பில் குத்திக்கொண்டால், இரண்டு பேர் ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள் நேருக்கு நேர் நிற்கும்போதுதான் ஒன்றின் குரல் இன்னொன்றுக்குக் கேட்கும், முதுகைக் காட்டி நின்றால் கேட்காது. இருமலிலும் பேச்சிலும் பரவும் நோய்க்கு நமக்குத் தெரிய வேண்டியதும் அந்த நேருக்கு நேர்தானே! 20 விநாடிக்கு ஒரு பதிவு என்ற கணக்கில் அது ஓடுகிறது.

இன்னொன்று, நீங்கள் எந்த அறையில் இருக்கிறீர்கள் என்று சொல்லும் வகை. கூரையிலோ கதவு நிலையிலோ ரிசீவர் பொருத்தியிருப்பார்கள். சிலவற்றில் டிவி ரிமோட்டில் வரும் அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறார்கள், அது சுவரைத் தாண்டாது என்பதால் எந்த அறை என்பதில் குழப்பம் வராது. அல்ட்ரா வைட்பேண்ட் என்ற வகை, அலை போய்ச்சேர எடுக்கும் நேரத்தை அளந்து, சில பத்து சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் சொல்லும், விலையும் அதற்கேற்ப இருக்கும். அப்புறம் பேட்டரியே இல்லாத வகை, நம் காரில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் அந்தச் சாதிதான். வாசலைக் கடக்கும்போது மட்டும் அது பதியும், உள்ளே போய் யார் பக்கத்தில் நின்றீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

வீட்டு விஷயம். ரிசீவர்கள் மருத்துவமனைக்குள்தான் இருக்கின்றன, அதனால் அறை சொல்லும் டேக் வெளியே வந்ததும் ஊமை. ஆனால் டேக்குக்கு டேக் பேசும் வகையை மாட்டிக்கொண்டு நீங்களும் தோழியும் ஒரே பேருந்தில் போனால் அதுவும் பதிவாகலாம். ஷிஃப்ட் முடிந்ததும் கழற்றி வைக்க வார்டு வாசலில் ஒரு ஸ்டாண்ட் வையுங்கள் என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கொரோனா காலத்தில் ஆட்களைக் கேட்டுத்தானே பட்டியல் எடுத்தார்கள்? இதற்கு எதற்கு ஒரு கருவி? – ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

கேட்கத்தான் வேண்டும், டேக் வந்தாலும் கேட்பதை நிறுத்த முடியாது. ஆனால் கேட்டால் என்ன வருகிறது என்று பாருங்கள்.

ஒரு செவிலியரிடம் உட்கார்ந்து அந்தப் படிவத்தை நிரப்புவதைப் பார்த்திருக்கிறேன். ஐந்து நாள் முன்னால், மாலை டூட்டி. "எட்டாம் பெட், ஒன்பதாம் பெட், பதினொன்று... பதினொன்றுக்கு ஐவி மாற்றினேன்" என்று நோயாளிகளைக் கட்டில் எண் வாரியாகச் சரியாகவே சொன்னார். யாருக்கு ஊசி போட்டோம் என்பது கேஸ் ஷீட்டிலும் இருக்கிறது, மனதிலும் நிற்கிறது. "ஸ்ட்ரெச்சர் தள்ள யார் கூட வந்தது?" என்றதும் நின்றுவிட்டார். சாப்பாட்டு டிராலி தள்ளியவர், இரத்தம் எடுக்க வந்த லேப் பையன், எட்டாம் பெட் பாட்டிக்குத் துணையாக வந்து தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த மகள், யாரும் பட்டியலுக்கு வரவில்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. முப்பது கட்டிலைப் பார்க்கிறவர் நினைவில் வைத்துக்கொள்ளும் விஷயங்களே இல்லை அவை.

விட்டுப்போனவர்கள் எத்தனை முக்கியம் என்பதை 2015-ல் தென் கொரியா கண்டது. மெர்ஸ் என்ற, கொரோனா வகைக் கிருமியால் வரும் சுவாச நோய் அங்கே 186 பேருக்கு வந்தது, 38 பேர் இறந்தார்கள். சியோலில் சாம்சங் மெடிக்கல் சென்டரின் அவசர சிகிச்சைப் பிரிவில் மே 27 முதல் 29 வரை இருந்த ஒரே ஒரு நோயாளியிடமிருந்து 82 பேருக்குத் தொற்றியது. அந்த 82 பேரில் நோயாளிகள் 33, ஊழியர்கள் 8, பார்க்க வந்தவர்களும் துணைக்கு இருந்தவர்களும் 41. பாதிப்பேருக்குக் கேஸ் ஷீட்டே கிடையாது! அந்த மூன்று நாளில் அவர் எங்கே படுத்திருந்தார், எந்த வழியாக நடந்தார், அப்போது யார் அங்கே இருந்தார்கள் என்று சிசிடிவி பதிவுகளையும் மருத்துவமனைப் பதிவேடுகளையும் வைத்து உட்கார்ந்து கோர்க்க வேண்டியிருந்தது. பட்டியல் 1,500 பேரைத் தாண்டியது.

நமக்குப் பக்கத்தில், 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ். முதல் நோயாளி ஸ்கேன் எடுக்க மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தபோது, ரேடியாலஜி பகுதியின் நடைபாதையில் வேறு வேலையாக வந்து நின்றுகொண்டிருந்தவர்களுக்குத் தொற்றியது. அவருக்கு யாரென்று தெரியாதவர்கள், அவர் யாரென்று தெரியாதவர்கள். கேட்டு எழுதும் முறையில் இவர்களை எப்படிப் பிடிப்பது? அதற்கு முன்பே பேராம்பரா தாலுகா மருத்துவமனையில் அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர் லினிக்குத் தொற்றியிருந்தது, பிறகு லினி இறந்துபோனார். கேரளத்துச் சுகாதார ஊழியர்கள் கால் தேய நடந்து, 2,000 பேருக்கு மேல் தொடர்புப் பட்டியல் போட்டுக் கண்காணித்துத்தான் அதை அடக்கினார்கள். அந்த உழைப்பை எந்தக் கருவியும் செய்துவிடாது. ஆனால் முதல் நாளில் அவர்கள் கையில் கொடுக்க ஒரு பட்டியல் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு விஷயம், நினைவு நீண்ட சந்திப்பைத்தான் பிடிக்கும். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலச் சிறை ஒன்றில் 2020 ஜூலையில் ஒரு காவலருக்குக் கொரோனா வந்தது. அப்போதைய விதி கேட்டபடி "தொடர்ந்து 15 நிமிடம் அருகில் இருந்தேன்" என்று சொல்லும்படி ஒரு சந்திப்பும் இல்லை. வீடியோவைப் பார்த்தால், தொற்று இருந்த கைதிகளோடு ஒரே ஷிஃப்டில் 22 முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள், கூட்டினால் சுமார் 17 நிமிடம். கதவு திறப்பது, துணி வாங்குவது மாதிரி வேலைகள். அதன் பிறகுதான் அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம், 24 மணி நேரத்தில் மொத்தம் 15 நிமிடம் என்று விதியை மாற்றி எழுதியது. மருத்துவமனையில் தூய்மைப் பணியாளரின் நாள் முழுக்க இப்படிப்பட்ட அரை நிமிடங்கள்தான். அதைக் கூட்டிக் கணக்கு வைக்க மனித மூளையால் ஆகாது, டேக்கால் ஆகும்.

கேள்வி: நிஜமாகவே எங்காவது இதைச் செய்து பார்த்து ஏதாவது தெரிந்துகொண்டார்களா? – முதுகலை மாணவி, மதுரை

செய்திருக்கிறார்கள், கொரோனாவுக்குப் பல ஆண்டுகள் முன்பே.

பிரான்ஸில் லியோன் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனை, முதியோர் வார்டு, 2010 டிசம்பரில் நான்கு பகல் நான்கு இரவு. 46 ஊழியர்களும் 29 நோயாளிகளும் டேக் மாட்டிக்கொண்டார்கள். பதிவான சந்திப்புகள் 14,037. அதில் 38 சதவீதம் ஊழியருக்கும் ஊழியருக்கும் நடுவே நடந்தவை. இதைப் படிக்கிற செவிலியர்கள் தங்கள் டீ நேரத்தை நினைத்துப் பார்க்கலாம். நோயாளி முன்னால் மாஸ்க் போட்டிருப்போம், ஓய்வறையில் கழற்றிவிட்டு ஒரே மேஜையில் சாப்பிடுவோம். அதைவிடக் கவனிக்க வேண்டியது, நோயாளி சம்பந்தப்பட்ட சந்திப்புகளில் 42 சதவீதம் வெறும் 6 ஊழியர்களுடையது.

அந்த ஆறு பேரைக் குற்றவாளி மாதிரி பார்த்துவிடக் கூடாது. வார்டையே தாங்கிப் பிடிப்பவர்கள் அவர்கள். தடுப்பூசி முதலில் யாருக்கு, நல்ல மாஸ்க் முதலில் யாருக்கு, வாரா வாரம் பரிசோதனை யாருக்கு என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது, அப்படித்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

ரோமில் குழந்தைகள் வார்டு ஒன்றில் ஒரு வாரம், 119 பேரிடம் இதே டேக்கை வைத்துப் பார்த்தார்கள். பிள்ளையோடு நீண்ட நேரம் ஒட்டி இருப்பது பெற்றோர்தான், பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நடுவே சந்திப்பு குறைவு. நம் ஊர் வார்டில் அப்படி வருமா என்பது எனக்குச் சந்தேகம், ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் இடைவெளியே இல்லாத இடங்களில் வேறு மாதிரித்தான் வரும். அதனால்தான் வெளிநாட்டு எண்ணை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளாமல் இங்கேயும் அளக்க வேண்டும் என்கிறேன்.

பிரான்ஸின் வடக்குக் கடற்கரையில் பெர்க்-சுர்-மெர் என்ற ஊர். அங்கே நீண்ட நாள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில் 2009-ல் நடந்த ஆய்வு எல்லாவற்றிலும் கனமானது. நான்கு மாதம், நோயாளிகளும் ஊழியர்களுமாக எல்லாரும் சென்சாரோடு இருந்தார்கள், கூடவே வாரா வாரம் மூக்கில் ஸ்வாப் எடுத்து ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். புதிதாகக் கிருமி ஒட்டியவர்கள், அதே ரகக் கிருமி இருந்தவர்களோடு சென்சார் காட்டிய சந்திப்புச் சங்கிலியில் நெருக்கமாக இருந்தார்கள். யாரோடு யார் நின்றார் என்ற வரைபடத்துக்கும் கிருமி போன பாதைக்கும் உண்மையிலேயே சம்பந்தம் இருக்கிறது என்று ஸ்வாப்பே சாட்சி சொன்ன ஆய்வு அது.

கேள்வி: அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறோம். இந்த டேக் வார்டு முழுக்க இருந்தால் ஆபத்தா? – வாசகர், தஞ்சாவூர்

டேக்குகளின் சக்தி மிகக் குறைவு, நம் பையில் இருக்கும் செல்போனைவிடக் குறைவு. கவலை டேக்கில் இல்லை, அதைப் படிக்கும் ரீடரில்தான் இருக்கலாம். ஆம்ஸ்டர்டாமில் ஐசியு கருவிகளுக்குப் பக்கத்தில், ரேடியோ அலையால் டேக்கைப் படிக்கும் ஆர்எஃப்ஐடி ரீடரை வைத்து, நோயாளி யாரும் இல்லாமல் 123 முறை சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். 34 முறை கருவியில் இடையூறு வந்தது, அதில் 22 நோயாளிக்கு ஆபத்தாகக் கூடியவை. அது பெரிய சக்தியுள்ள ரீடரை மிக அருகில் வைத்தபோது. அதற்குப் பிறகு கருவிகளும் மாறிவிட்டன, இன்றைய புளூடூத் டேக்கின் சக்தியும் அதைவிட வெகு குறைவு. இருந்தாலும் ரீடர் பொருத்துவதற்கு முன் அந்த மருத்துவமனையின் சொந்த வென்டிலேட்டர், இன்ஃப்யூஷன் பம்ப் பக்கத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பேஸ்மேக்கர் பற்றி அப்பாவின் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கேள்வி: அம்மா ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். வார்டில் ஒருவருக்குத் தொற்று வந்தபோது டாக்டர், நர்ஸ் எல்லாரையும் கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. இப்போது டேக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். – கல்லூரி மாணவர், திருச்சி

உங்கள் கடிதத்துக்காகத்தான் இந்தப் பகுதியையே எழுத உட்கார்ந்தேன்.

இந்தத் தொழில்நுட்பத்தால் பெரிய பயன் யாருக்கு என்று யோசித்தால் உங்கள் அம்மா மாதிரி ஆட்களுக்குத்தான். டாக்டர் போனதற்குக் கேஸ் ஷீட்டில் கையெழுத்து இருக்கிறது. நர்ஸ் போனதற்கு மருந்து சார்ட் இருக்கிறது. படுக்கைக்கடியில் இருந்த இரத்தம் தோய்ந்த பஞ்சை எடுத்தவருக்கு, பெட்பேன் கழுவியவருக்கு எந்தத் தாளிலும் பெயர் இல்லை. ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் காலையில் "நீ இன்னைக்கு ஏழாம் வார்டுக்குப் போ" என்றால் ஏழாம் வார்டு, மதியம் ஆள் குறைந்தால் டயாலிசிஸ். எங்கே இருந்தார் என்பதற்குச் சாட்சி அவர் மட்டும்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஐசியு ஊழியர்களுக்கு சென்சார் மாட்டிச் சேகரித்த தகவலை வைத்து 2012-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். பல அறைகளுக்கும் பல பேரிடமும் சுற்றிக்கொண்டே இருக்கும் ஊழியர் ஒருவர் கை கழுவாமல் விட்டால் தொற்று எவ்வளவு பரவும், ஒரே இடத்தில் இருப்பவர் விட்டால் எவ்வளவு என்று. சுற்றுகிறவர் விட்டால்தான் பரவல் அதிகம். நம் மருத்துவமனைகளில் சுற்றுகிறவர் யார்? தூய்மைப் பணியாளர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், எக்ஸ்ரே எடுக்க மெஷினைத் தள்ளிக்கொண்டு வருபவர், சாப்பாடு தருபவர். இவர்களை விட்டுவிட்டு நிரந்தர ஊழியருக்கு மட்டும் டேக் கொடுத்தால் வரைபடத்தில் முக்கியமான கோடுகள் எல்லாம் காணாமல் போகும். அதாவது நியாயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தால்கூட அந்த மருத்துவமனை செய்தது வேலைக்காகாத வேலை.

ஆனால் டேக் கொடுப்பதோடு முடியாது, அடுத்தது கூலி. "நீ தொடர்பில் இருந்தவள், ஏழு நாள் வீட்டில் இரு" என்று சொல்லிவிட்டு அந்த ஏழு நாளுக்கும் சம்பளத்தைப் பிடித்தால் யார் அந்த டேக்கை மாட்டுவார்கள்? நான் அம்மா இடத்தில் இருந்தால் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டுத்தான் வார்டுக்குப் போவேன். தனிமையில் இருக்கச் சொல்லும் நாட்களுக்கு முழுக் கூலி, ஒப்பந்த நிறுவனம் தராவிட்டால் மருத்துவமனை தர வேண்டும், அதை எழுத்தில் தர வேண்டும். நீங்கள் எழுதத் தெரிந்தவர், அம்மாவோடு வேலை செய்கிறவர்கள் எல்லார் கையெழுத்தோடும் மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள், ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் டேக், பரிசோதனை, கூலியோடு விடுப்பு மூன்றும் வேண்டும் என்று. நகலை இயக்குநருக்கும் அனுப்புங்கள்.

கேள்வி: சுவருக்கு அந்தப்பக்கம் நிற்பவரையும் புளூடூத் "அருகில்" என்று காட்டுமே? இதை எப்படி நம்புவது? – பொறியியல் மாணவர், கோவை

சரியான கேள்வி. புளூடூத்தில் தூரத்தை நேராக அளப்பதில்லை, சிக்னல் பலத்தை வைத்து ஊகிக்கிறோம். சட்டைப்பையில் இருக்கிறதா, உடம்பு மறைக்கிறதா, சுற்றி உலோகம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது மாறும். டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்காரர்கள் 2020-ல் ஒரு டிராமுக்குள் போன்களை வைத்துப் பார்த்தபோது, உலோகச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலையால் யார் அருகில் யார் தூரத்தில் என்றே பிரிக்க முடியவில்லை. மருத்துவமனையிலும் இரும்புக் கட்டில், லிஃப்ட், ஈயத் தகடு அடித்த எக்ஸ்ரே அறை எல்லாம் உண்டு. அதனால் போன் ஆப்பை மட்டும் நம்பி மருத்துவமனைக்குள் தடம் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அறையைச் சொல்லும் டேக்கோடு சேர்த்துப் பார்த்தால் சுவர்ப் பிரச்சினை பெரும்பாலும் தீரும்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அருகில் நின்றதைத்தான் டேக் சொல்லும், தொற்றியதைச் சொல்லாது. என்95 போட்டிருந்தீர்களா, ஜன்னல் திறந்திருந்ததா என்பது அதற்குத் தெரியாது. தட்டம்மைக் கிருமி, நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் இருக்கும். நோயாளியைக் கண்ணாலும் பார்க்காத ஒருவர் ஒரு மணி நேரம் கழித்து அதே அறைக்குள் வந்தால் டேக்குக்கு டேக் பேசும் வகை "சந்திப்பு இல்லை" என்றுதான் சொல்லும். டிபியும் காற்றில் பரவுவதுதான், உலகத்து டிபி நோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். எனவே நம் ஊருக்கு வாங்கினால் இடமும் நேரமும் சொல்லும் வகைதான் முதலில் வேண்டும்.

சிங்கப்பூரில் தேசியத் தொற்றுநோய் மையம் என்று 330 படுக்கை மருத்துவமனை இருக்கிறது, அங்கே கட்டிடத்துக்குள் இடம் காட்டும் டேக் முறையே உண்டு. 2020-ல் கொரோனா நோயாளிகளோடு தொடர்பில் இருந்த ஊழியர்கள் யார் என்று மருத்துவப் பதிவேட்டை வைத்தும் டேக்கை வைத்தும் தனித்தனியாகப் பட்டியல் எடுத்து ஒப்பிட்டார்கள். பதிவேடு நிறையப் பேரை விட்டிருந்தது, டேக் அதிகம் பிடித்தது, இரண்டையும் சேர்த்தபோது இன்னும் அதிகம் கிடைத்தது.

கேள்வி: நான் ஓய்வறையில் எத்தனை நிமிடம் இருந்தேன் என்று மேலதிகாரி கேட்கிறார். தொற்றுக்காகத்தான் டேக் என்று சொல்லித்தான் மாட்டினார்கள். – செவிலியர், ஊர் வேண்டாம்

இதைத்தான் நான் பயந்தேன். உங்கள் கோபம் முழுக்க நியாயமானது.

சிங்கப்பூரில் நடந்ததைச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் அரசு டிரேஸ்டுகெதர் என்ற ஆப்பைக் கொண்டுவந்தது, 25 நாளில் தகவல் அழிந்துவிடும், தொடர்பு கண்டறிய மட்டும்தான் பயன்படும் என்று அமைச்சர்கள் சொன்னார்கள், மக்களும் நம்பிப் போனில் ஏற்றிக்கொண்டார்கள். 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்விக்குப் பதிலாக, குற்ற விசாரணைக்குப் போலீஸ் அந்தத் தகவலை எடுக்க முடியும் என்று அரசே சொன்னது. பெரிய கூச்சல். அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. எதற்கு என்று சொல்லி வாங்கினோமோ அதற்கு மேல் ஒரு அடி வைத்தாலும் நம்பிக்கை போய்விடும்.

நம் நாட்டில் 2017-ல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் தொற்றுநோய்க் காலச் சிகிச்சைக்கும், வேலை தொடர்பான சில தேவைகளுக்கும் ஒப்புதல் இல்லாமலே தகவலைக் கையாள அந்தச் சட்டம் இடம் தருகிறது. எனவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருக்க முடியாது, மருத்துவமனை அளவில் விதி வேண்டும். டேக் எண் யாருடையது என்ற பட்டியல் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் மட்டும் பூட்டி இருக்க வேண்டும். யாருக்காவது பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால்தான் அதைத் திறக்க வேண்டும், திறந்தவர் பெயரும் தேதியும் பதிவாக வேண்டும். குறிப்பிட்ட நாளில் தானாக அழிய வேண்டும். நர்சிங் சூப்பரிண்டெண்டோ மனிதவளப் பிரிவோ அதைப் பார்க்கவே கூடாது. கழிப்பறையிலும் உடை மாற்றும் அறையிலும் ரிசீவரே இருக்கக் கூடாது, ஓய்வறையில் டேக்குக்கு டேக் போதும்.

நிர்வாகத்திடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள்: வருகைப் பதிவுக்கும் வேவு பார்க்கவும் இதைப் பயன்படுத்தினால் ஆட்கள் டேக்கை மேஜை டிராயரில் விட்டுவிட்டுப் போவார்கள். டிராயரில் கிடக்கும் டேக், அந்த ஆள் யாரையும் சந்திக்கவில்லை என்று பொய் சொல்லும். செலவழித்துக் கட்டிய முறை முழுக்க அதோடு பாழ். தனியாகப் போகாதீர்கள், செவிலியர் சங்கத்தோடு போங்கள்.

கேள்வி: முப்பது படுக்கை மருத்துவமனை நடத்துகிறேன். இதற்கெல்லாம் பணமில்லை. வேறு வழி? – மருத்துவர், விருதுநகர் மாவட்டம்

வழி இருக்கிறது, உங்கள் அளவுக்கு அது போதும் என்றே நினைக்கிறேன். சான்பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் எந்த சென்சாரும் இல்லாமல், நோயாளி எந்த நேரத்தில் எந்த அறையில் இருந்தார் என்ற கணினிப் பதிவை மட்டும் எடுத்து, மூன்று ஆண்டில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட இடமாற்றங்களை அலசினார்கள். சி. டிஃபிசில் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அவசர சிகிச்சைப் பிரிவின் சிடி ஸ்கேனர். அந்தக் கிருமி இருந்த நோயாளி படுத்த 24 மணி நேரத்துக்குள் அதே ஸ்கேனரில் படுத்தவர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல். 2017-ல் வெளிவந்தது. உடனே அந்த ஸ்கேனரைத் துடைக்கும் முறையை மாற்றினார்கள்.

உங்களிடம் எக்ஸ்ரே அறை இருக்கும், ஸ்கேன் இருக்கும், டயாலிசிஸ் இருந்தாலும் இருக்கும். அங்கே யார் எப்போது உள்ளே, எப்போது வெளியே என்று ஒரு நோட்டு போடுங்கள். டூட்டி ரோஸ்டரில் ஒப்பந்தப் பணியாளர் பெயரையும் வார்டோடு எழுதுங்கள். அட்டெண்டர் பாஸ் கொடுக்கும்போது பெயர், செல் எண், எந்தப் படுக்கை என்று குறியுங்கள், கொரியாவின் 41 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 2003-ல் சார்ஸ் வந்தபோது அலெக்சாந்திரா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்த பார்வையாளர்களுக்கும் டேக் மாட்டி 21 நாள் தகவலை வைத்திருந்தார்கள், உங்களுக்கு நோட்டே அந்த வேலையைச் செய்யும்.

அப்புறம் எல்லாக் கடிகாரங்களையும் ஒரே நேரத்துக்கு வையுங்கள். வார்டுக் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால், எக்ஸ்ரே கணினி ஐந்து நிமிடம் பின்னால் என்றிருந்தால், சேர்ந்து இருந்தவர்கள் தனித்தனியாக வந்து போனவர்களாகத் தெரிவார்கள்.

கேள்வி: அந்த டேக்கிலேயே கிருமி ஒட்டிக்கொள்ளாதா? – மருந்தாளுநர், பாண்டிச்சேரி

ஒட்டும். அடையாள அட்டையிலும் அதன் கழுத்து நாடாவிலும் நோய்க்கிருமிகள் இருப்பதை ஆஸ்திரேலியாவில் சோதித்து 2008-லேயே சொல்லிவிட்டார்கள், அட்டையைவிட நாடாவில்தான் அதிகம். குனிந்து நோயாளியைத் தொடும்போது நாடா அவர் மேல் புரளுகிறதே. எனவே துணி நாடா வேண்டாம், மார்பில் கிளிப். மேற்பரப்பு வழவழப்பாக, மூட்டு இடுக்கு இல்லாமல் இருக்க வேண்டும், ஷிஃப்ட் முடிவில் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாம். சி. டிஃபிசில் இருக்கும் வார்டில் ஸ்பிரிட் போதாது, அந்தக் கிருமியின் விதைகள் ஆல்கஹாலில் சாகாது, குளோரின் கரைசல்தான். இரத்தம் தெறித்த டேக்கைத் துடைத்துத் திரும்ப மாட்டாதீர்கள், மாற்று டேக் கேளுங்கள். அதற்காக வார்டுக்கு நாலைந்து உதிரி டேக் எப்போதும் சார்ஜில் இருக்க வேண்டும் என்று கொள்முதல் செய்கிறவர்களிடம் சொல்லி வையுங்கள்.